கிலோ 340 ரூபாய் தக்காளி

உங்கள் வீட்டு மொட்டை மாடியில் என்ன இருக்கிறது? தண்ணீர்த் தொட்டி, துணி காயப்போடும் கொடி, கால் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலி... சரிதானே? தேனியில் என் வீட்டு மாடியிலும் ஐந்து வருடம் முன்பு வரை இவ்வளவுதான். இன்றைக்கு அங்கே முப்பத்திரண்டு பைகளும் பதினொரு தொட்டிகளும் நிற்கின்றன. தக்காளி, கத்தரி, பாகல், அவரை, இரண்டு மல்லிகை, ஒரு செடி முருங்கை (மாடியில் முருங்கை வைக்காதே என்று எல்லோரும் சொன்னார்கள், வைத்தேன்). அப்புறம், தானாக முளைத்த பெயர் தெரியாத ஒன்று. அதைப் பிடுங்க மனசு வரவில்லை.

நான் பி.காம். படித்தவன். எதைச் செய்தாலும் ஒரு நோட்டில் வரவு செலவு எழுதாவிட்டால் தூக்கம் வராது. முதல் வருடத் தக்காளிக்கும் எழுதினேன். பை, தென்னை நார்க் கழிவு, மண்புழு உரம், விதை, வேப்ப எண்ணெய், செடியைத் தாங்க மூங்கில் குச்சி. மொத்தச் செலவு 4,080 ரூபாய். பறித்தது 12 கிலோ. ஆக, கிலோ 340 ரூபாய்! பைகளுக்கு மூன்று வருட ஆயுள் என்று வைத்துத் தேய்மானமெல்லாம் போட்டுப் பார்த்தேன். அப்படியும் 250-க்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. தினமும் முக்கால் மணி நேரம் நான் குனிந்து நிமிர்ந்த கூலியை இதில் சேர்க்கவே இல்லை. சேர்த்திருந்தால் அந்தத் தக்காளியை நகைக் கடையில்தான் விற்றிருக்க வேண்டும்.

என் மனைவி அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "அடுத்த வருஷமும் போடுவீங்களா?"

போட்டேன். அதற்கடுத்த வருடமும் போட்டேன்.

நஷ்டம் என்று தன் கையாலேயே எழுதி வைத்துக்கொண்டு ஒரு மனுஷன் ஏன் திரும்பத் திரும்ப அதையே செய்கிறான்? ஒரே ஒரு துளசிச் செடி வைத்திருந்தால்கூட உங்களுக்குப் பதில் தெரியும். சந்தோஷம். வேறு என்ன? ஆனால், அந்தச் சந்தோஷத்தைப் பற்றித்தான் எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கிறது. இரண்டு வருடமாகியும் போக மாட்டேன் என்கிறது. சந்தேகத்துக்கு முன்னால் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன்.

விதை போடுகிறவனுக்கு வருடம் பிறப்பது ஆடியில்தான். எங்கள் ஊர் ஆடிக் காற்று லேசுப்பட்டதில்லை. மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கியில் கொட்டித் தீர்க்கிற மழை, இந்தப் பக்கம் காற்றாகவும் சாரலாகவும் இறங்கும். ஆண்டிபட்டிப் பக்கம் காற்றாலைகள் சுற்றும். என் மாடியில் நான் சுற்றுவேன். சாய்ந்த ஒரு பையை நிமிர்த்துவதற்குள் முதுகுக்குப் பின்னால் இன்னொன்று சாயும். ஆனாலும், விதை போட்டு ஆறாம் நாளோ ஏழாம் நாளோ காலையில் எட்டிப் பார்க்கிற அந்த நிமிடம் இருக்கிறதே! மண்ணை முதுகால் முட்டிக்கொண்டு, விதையின் தோலைத் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டு, தலையை நிமிர்த்தலாமா வேண்டாமா என்று யோசித்தபடி நிற்கும் ஒரு பாகல் முளை. நாற்பது வயதைத் தாண்டியவனுக்குக் காலை ஆறு மணிக்கு ஆச்சரியப்பட வேறு என்ன கிடைக்கும், சொல்லுங்கள்?

ஐப்பசி, கார்த்திகையில் பூவாளிக்கு லீவு. தண்ணீர் ஊற்றுகிற வேலை போய், தண்ணீரை வெளியேற்றுகிற வேலை வந்துவிடும். மார்கழிப் பனியில் அவரை பூக்கும். தையில் காய்க்கும். காய் பறித்துக் கைகளில் வாசனையோடு ஆபீஸ் போகிற சுகம் எல்லாம் அந்த இரண்டு மாதம்தான்.

தை என்றதும் எங்கள் பக்கத்துப் பொங்கலைச் சொல்லாமல் போக முடியாது. தேனி மாவட்டத்தில் பல ஊர்களில் சூரியனுக்கு மட்டுமல்ல, ஒரு இங்கிலாந்துக்காரருக்கும் சேர்த்துப் பொங்கல் வைப்பார்கள். ஜான் பென்னிகுவிக். ஜனவரி 15 அவருடைய பிறந்த நாள். மேற்கே அரபிக் கடலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியாற்றுத் தண்ணீரை அணை கட்டித் தேக்கி, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிவிட்ட இன்ஜினீயர். 1895-இல் அது நடந்தது. லோயர் கேம்ப்பில் 2013-இல் அவருக்கு மணிமண்டபம் திறந்தார்கள். இங்கே பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைத்தவர்களும் உண்டு. எங்கள் ஊரில் பருவம் வானத்தில் மட்டும் இல்லை, தேக்கடி ஷட்டரிலும் இருக்கிறது. அணையில் தண்ணீர் இருந்தால் வழக்கமாக ஜூன் முதல் தேதி திறப்பார்கள். கம்பம் பள்ளத்தாக்கில் 14,707 ஏக்கர் நெல் அந்தத் தேதியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். நான் மாடியில் பூவாளியைத் தூக்கும்போதெல்லாம் இந்த எண் ஞாபகம் வரும். எனக்குப் பத்து வாளித் தண்ணீர் போதும். ஷட்டர் திறந்தால் என்ன, திறக்காவிட்டால் என்ன?

பங்குனி, சித்திரையைப் பற்றிப் பெருமையாகச் சொல்ல ஒன்றுமில்லை. பச்சை நிழல்வலையைக் கட்டிவிட்டு, இருக்கிற உயிரைக் காப்பாற்றுவதுதான் வேலை. வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழாவுக்கு ஊரே கிளம்பும்போது என் தக்காளிச் செடிகள் கழுத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிற்கும். அந்தச் சமயத்தில் ஒரு சாயங்காலம் மேற்கே கறுத்துக்கொண்டு வரும் பாருங்கள், கோடை மழை! முதல் சொட்டு காய்ந்த மண்ணில் விழுகிற வாசனை. காற்றில் நிழல்வலை படபடவென்று அடிக்கும். நனைந்துகொண்டு நிற்பேன். உலகத்தில் யாரோடும் எனக்கு ஒரு சண்டையும் இல்லை என்று தோன்றும்.

இரண்டு வருடத்துக்கு முந்தைய சித்திரையில் அப்படி ஒரு மழை. சந்தோஷம் தாங்காமல் சுருளிப்பட்டிப் பக்கம் இருக்கிற என் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். ஒன்றரை ஏக்கரில் திராட்சைப் பந்தல் போட்டிருக்கிறார்.

"சித்தப்பா, இங்க செம மழை! ஊரே குளுந்து போச்சு. அங்கிட்டு எப்படி?"

"இங்கயும்தான்யா."

"என் செடியெல்லாம் சிரிக்குது சித்தப்பா!"

அந்தப் பக்கம் சத்தமே இல்லை. மழை இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார். "நாலு நாள்ல வெட்டுற பக்குவம்ப்பா. சரி, வையி."

வைத்துவிட்டேன். முதலில் எனக்குப் புரியவில்லை. புரிந்தபோது, கையில் ஈர டவலோடு அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்தேன்.

திராட்சையைப் பற்றி உங்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். கம்பம் பள்ளத்தாக்கில் விளைகிற கறுப்புத் திராட்சைக்குப் பன்னீர் திராட்சை என்று பெயர். 2023-இல் புவிசார் குறியீடுகூடக் கிடைத்தது. மற்ற ஊர்களில் திராட்சைக்கு ஒரு சீசன் உண்டு. இங்கே சீசனே கிடையாது. கல்தூண் நட்டு, கம்பி இழுத்துப் பந்தல் போட்டு, கொடியை அதில் ஏற்றிவிடுவார்கள். கவாத்து அடித்தால் ஏறக்குறைய நாலு மாதத்தில் வெட்டு. ஒருவர் கவாத்து அடிக்கும்போது பக்கத்துத் தோட்டத்தில் பூ, அதற்கடுத்ததில் பழம். வருடம் பூராவும் எங்களிடம் திராட்சை உண்டு என்று பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம். அதற்கு இன்னொரு அர்த்தமும் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது. எந்த மாதம் மழை பெய்தாலும் யாரோ ஒருவர் பந்தலில் பழம் பழுத்து நிற்கிறது.

ஞாயிற்றுக்கிழமை போனேன். பந்தலுக்கு அடியில் குனிந்து நுழைந்ததும் இனிப்பும் புளிப்புமாக ஒரு வாசனை. பழுத்த திராட்சை தண்ணீரைக் குடித்து உப்பித் தோல் வெடித்திருந்தது. ஒரு கொத்தில் நாலு பழம் வெடித்தால் போதும், சாறு வழிந்து மிச்சத்தையும் கெடுத்துவிடும். குளவிகள் மொய்த்தன. சித்தியும் இன்னும் மூன்று பெண்களும் கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு கெட்ட பழத்தை மட்டும் ஒவ்வொன்றாக நறுக்கிக் கீழே போட்டுக்கொண்டிருந்தார்கள். கிலோ 50 ரூபாய்க்குப் பேசி வைத்திருந்த வியாபாரி 20 என்றாராம். மறுநாள் போனே எடுக்கவில்லையாம். யாரும் அழவில்லை, திட்டவில்லை. "காப்பி குடிச்சியா?" என்றுதான் சித்தி கேட்டார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்றைக்கு ஆரம்பித்தது என் சந்தேகம். என்னுடைய தோட்டச் சந்தோஷம் நிஜமான சந்தோஷமா, அல்லது தோற்றாலும் ஒன்றும் ஆகாதவனுடைய சௌகரியமா?

'பலனை எதிர்பார்க்காமல் செய்' என்று நமக்குச் சின்ன வயதிலிருந்து சொல்லி வைத்திருக்கிறார்கள். என் தக்காளி விஷயத்தில் நான் அதை நூற்றுக்கு நூறு கடைப்பிடிக்கிறேன். நஷ்டத்தில்கூட சிரிக்கிறேன்! ஞானி என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்ளலாம். ஆனால், மாதம் பிறந்தால் சம்பளம் வருகிறவன் பலனை எதிர்பார்க்காமல் இருப்பதில் என்ன பெரிய துறவு? அதே வார்த்தையைப் பந்தலுக்கு அடியில் நின்று சித்தப்பாவிடம் சொல்ல முடியுமா? சொல்லியிருந்தால் கத்தரிக்கோல் என் பக்கம் திரும்பியிருக்கும்.

இம்மானுவேல் கான்ட் என்று ஒரு ஜெர்மன் தத்துவ ஞானி. அழகைப் பற்றி 1790-இல் ஒரு தலையணைப் புத்தகம் எழுதினார். அதில் அவர் சொல்வதை என் பாஷையில் சொன்னால் இவ்வளவுதான்: ஒன்றை அழகு என்று ரசிக்கிற இன்பத்தில் 'இன்ட்ரெஸ்ட்' கலக்கக் கூடாது. அதாவது, இது எனக்குக் கிடைக்குமா, இதனால் என்ன லாபம் என்கிற எண்ணம் இருக்கக் கூடாது. பி.காம். படித்த எனக்கு இன்ட்ரெஸ்ட் என்றால் வட்டிதான் முதலில் ஞாபகம் வரும். அப்படிப் பார்த்தாலும் கணக்கு சரியாகத்தான் வருகிறது. திராட்சைக்குக் கடன் வாங்கிப் போட்டவர் அந்தக் கொத்தைப் பார்க்கும்போது வட்டி ஞாபகம் வரத்தானே செய்யும்? கான்ட் சொல்கிறபடி பார்த்தால் திராட்சையின் அழகு திராட்சைக்காரருக்குத் தெரியாது, வேடிக்கை பார்க்கப் போன எனக்குத்தான் தெரியும். இது எங்கேயோ இடிக்கிறது இல்லையா?

வள்ளுவர் உழவைப் பொருட்பாலில் வைத்தார். விவரமான மனிதர். என் மாடித் தோட்டத்தை அவர் எந்தப் பாலில் வைத்திருப்பார்? அறத்துப்பாலில் இடம் கிடைக்காது, அது நிச்சயம்.

வங்கியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவரிடம் இதையெல்லாம் புலம்பினேன். எரிச்சலாகிவிட்டார். "மழையை நீயா வரச் சொன்னே? நீ நனையலேன்னா உங்க சித்தப்பா பழம் வெடிக்காம இருந்திருக்குமா? சும்மா குற்ற உணர்ச்சியை வளர்க்காதே. அதுவும் உன் மாடிச் செடி மாதிரிதான், யாருக்கும் பிரயோஜனமில்லை" என்றார்.

அவர் சொன்னதில் பாதி சரி. குற்ற உணர்ச்சியும் வசதியானவனின் பொழுதுபோக்குதான். அதற்கு உரம்கூட வாங்க வேண்டாம். யாரோ ஒருவருக்குக் கஷ்டம் தருகிற காரியம் என்று பார்த்தால் உலகத்தில் ஒரு சந்தோஷமும் மிஞ்சாது. நெல்லுக்கு வேண்டிய மழை திராட்சைக்கு ஆகாது. எனக்குக் குளிர்ச்சியான சாரல், விடியக் காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஜீப்பில் மலையேறி ஏலத் தோட்டத்துக்குப் போகிற பெண்களுக்கு அட்டைக் கடியும் வழுக்குப் பாறையும். பலமாகப் பிடித்துக்கொண்டால் அன்றைக்குக் கூலியே கிடையாது. இதற்காக யார் மழையை வெறுக்க முடியும்?

மீதிப் பாதியை நண்பரால் பார்க்க முடியவில்லை. மழையில் நனைந்தது தப்பில்லை. சித்தப்பாவுக்குப் போன் போட்டபோது, அவர் பந்தலில் என்ன பக்குவத்தில் இருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அதுதான் தப்பு. இருபது வருடமாக அந்தப் பழத்தைத் தின்றுகொண்டிருக்கிறேன். எப்போது கவாத்து அடித்தார், எப்போது வெட்டு என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. செடியைப் பற்றி எனக்குத் தெரியும் என்கிற மிதப்பு வேறு! என் மண்புழு உரத்தைப் பற்றி அவருக்கு ஒரு தடவை அரை மணி நேரம் கிளாஸ் எடுத்திருக்கிறேன். பாவம், கேட்டுக்கொண்டிருந்தார்.

2023 ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியபோதும் அப்படித்தான் ஒரு மிதப்பு வந்தது. தெருவில் எல்லோரும் என் மாடியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். பக்கத்து வீட்டு அக்காவுக்கு நாலு பழம் கொடுத்தபோது கர்ணனாகவே உணர்ந்தேன். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாத விலையில் தக்காளியை ரோட்டோரம் கொட்டிவிட்டுப் போனவர்களை அதற்கு முன்னால் எத்தனையோ தடவை பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தவன்தான் நான். விலை ஏறும்போது கையில் பழம் இருக்கிற அதிர்ஷ்டம் எனக்கு வாய்த்தது. காரணம், விலை இறங்கினால் செடியைப் பிடுங்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. உழவர் சந்தையில் கீரைக் கட்டுக்குப் பேரம் பேசுவதை இப்போது விட்டுவிட்டேன். பெரிய தியாகம் என்று நினைக்காதீர்கள், ஐந்து ரூபாய் விஷயம்.

கான்ட் எங்கே இடிக்கிறார் என்று சொல்லாமல் விட்டுவிட்டேனே! அதைக் காட்டிக்கொடுத்தவரும் சித்தப்பாதான்.

அந்தச் சித்திரைக்குப் பிறகு, மார்கழியில் ஒரு ராத்திரி அவர் வீட்டில் தங்கினேன். விடியக் காலை நாலரை மணிக்கு முழிப்பு வந்து பார்த்தால் அவர் கட்டிலில் இல்லை. பந்தலுக்குள் டார்ச் வெளிச்சம் தெரிந்தது. திருடனைத் தேடுகிறாரோ என்று பயந்து போனேன். ஒன்றுமில்லை, பச்சைக் காய் நிறம் மாறுகிற வாரம் அது. ஒரு கொத்தில் ஏழெட்டு மட்டும் கறுத்து, மற்றதெல்லாம் பச்சையாகவும் செம்மையாகவும் நிற்க, பனித்துளி சொட்டிக்கொண்டிருந்தது. டார்ச்சை அதன்மேல் அடித்தபடி சும்மா நின்றுகொண்டிருந்தார்.

"நோயி எதுவும் இருக்கா சித்தப்பா?"

"இல்லப்பா. பாரு, எப்படி இருக்குன்னு."

பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. ஆனால், அவர் பார்த்ததை நான் பார்த்தேனா என்று தெரியவில்லை. அந்தக் கொத்தில் அவருக்குக் கடன் இருந்தது, வட்டி இருந்தது, போன சித்திரை இருந்தது. ராத்திரி மேகம் கட்டினால் போய்விடும் என்கிற பயமும் இருந்தது. அத்தனையோடும்தான் அந்த மனிதர் அதை ரசித்துக்கொண்டிருந்தார். என்னுடைய ரசனை, பக்கத்து வீட்டுக் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி. சிரிக்கிற வரை மடியில் வைத்துக்கொள்ளலாம், அழுதால் அதன் அம்மாவிடம் கொடுத்துவிடலாம். பெற்றவளுக்கு அந்த வசதி இல்லை. அதனால் அவளுக்குக் குழந்தையின் அழகு தெரியாது என்று சொல்ல முடியுமா? ஜெர்மனியில் உட்கார்ந்து யோசித்தவரோடு எனக்கு வம்பில்லை. நாலரை மணிக்கு அந்தப் பந்தலில் அவர் நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும், அவ்வளவுதான்.

விடிந்த பிறகு இன்னொன்றையும் கவனித்தேன். மோட்டார் ரூம் ஓரத்தில் ஒரு பன்னீர் ரோஜாச் செடியும் நாலைந்து கனகாம்பரமும் இருந்தன. இத்தனை வருடம் போய் வருகிறேன், கண்ணில் பட்டதே இல்லை. "இதை விப்பீங்களா?" என்று கேட்டேன். "இதையா? உங்க சித்தி தலையில வைப்பா. பொழைச்சா பொழைக்குது" என்றார். அதற்கு மருந்து அடிப்பதில்லை, கவாத்துக் கணக்கு இல்லை. என்னுடைய மாதிரிச் சந்தோஷம் அவரிடமும் மோட்டார் ரூம் ஓரத்தில் கொஞ்சம் இருக்கிறது. அவருடைய மாதிரி என்னிடம் இல்லை. மாடியில் இன்னும் நூறு பை வைத்தாலும் வராது.

போன வாரம் இங்கே மழை. மாடியில் நனைந்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே போனை எடுத்தேன்.

"பந்தல்ல என்ன நிலைமை சித்தப்பா?"

"இப்பத்தான் கவாத்து முடிஞ்சிருக்கு. பெய்யட்டும், நல்லதுதான்."

"அப்பச் சரி. இங்க பாகல் பிஞ்செல்லாம் மஞ்சளாகி அழுகி விழுகுது. உள்ள புழு."

"எத்தனை பிஞ்சு?"

"ஏழு."

"ஏழா!" என்று சொல்லிவிட்டு, சித்தியைக் கூப்பிட்டு அவரிடமும் சொன்னார். அங்கே இரண்டு பேரும் சிரிப்பது நன்றாகக் கேட்டது. சிரித்து முடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். அது பழ ஈயாம். கருவாட்டுப் பொறி வைக்க வேண்டுமாம். ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் ஓட்டை போட்டு, உள்ளே நனைத்த கருவாட்டைப் போட்டுக் கொடியில் தொங்கவிட்டால் ஈயெல்லாம் அதில் போய் விழுந்துவிடுமாம்.

டப்பாவில் ஓட்டை போட்டுவிட்டேன். மாடியில் கருவாடு தொங்கவிட என் மனைவி இன்னும் சம்மதிக்கவில்லை.